மழைச் சத்தமும் ஆனந்தமைடும்: பயத்தின் நினைவைப் பற்றி மலையில் கேட்கப்படும் கேள்விகள்

மூணாறுக்கு மேலுள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றின் தமிழ்வழிப் பள்ளியில் உயிரியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான், மருத்துவன் அல்லன். 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு, ராஜமலைப் பகுதியிலுள்ள பெட்டிமுடியில் மலை சரிந்து, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை மூடியதில் 70 உயிர்கள் போயின. இறந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களும் அவர்களுடைய பிள்ளைகளும். அதன்பிறகு ஒவ்வோர் ஆடியிலும், தகரக் கூரையில் மழை பலமாக விழத் தொடங்கியதும் தூக்கம் கெட்டு எழுந்து உட்காருகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களும், கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப்பில் ஏலக்காட்டுக்கு ஏறி வருகிறவர்களும், என் பழைய மாணவர்களும், இந்தப் பயத்தைப் பற்றியும் அதைத் தணிக்க உதவுவதாக உடம்பே செய்துகொள்ளும் ஆனந்தமைடு என்ற பொருளைப் பற்றியும் பல சமயங்களில் கேட்ட கேள்விகளையும், படித்துத் தெரிந்துகொண்டு நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நம் உடம்பே கஞ்சாவைச் சுரக்கிறது என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

கஞ்சாவைச் சுரப்பதில்லை. நரம்பணுக்களின் மேல், குறிப்பிட்ட பொருள் வந்து ஒட்டுவதற்கென்று அமைந்த இடத்துக்கு ஏற்பி என்று பெயர். கஞ்சாவிலுள்ள போதைப்பொருள் மூளையில் எந்த ஏற்பியில் போய் ஒட்டுகிறதோ, அதே ஏற்பியில் ஒட்டக்கூடிய பொருள்களை உடம்பு தன் தேவைக்காகத் தானே செய்துகொள்கிறது. இவற்றை அகக்கன்னபினாய்டுகள் என்று சொல்லலாம்.

இவை கண்டறியப்பட்ட வரிசை தலைகீழானது. செடியிலிருந்து தொடங்கித்தான் உடம்புக்கு வந்தார்கள். 1964இல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் எகியல் கவோனியும் கஞ்சாவின் போதைக்குக் காரணமான டிஎச்சி என்ற பொருளைப் பிரித்தெடுத்து அதன் அமைப்பைக் கண்டார்கள். அது மூளையில் எங்கே ஒட்டுகிறது என்பதை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில் ஆலின் ஹவ்லெட்டும் அவருடைய மாணவர் வில்லியம் டிவேனும் 1988இல் காட்டினார்கள். அந்த ஏற்பிக்கு இன்று சிபி-1 என்று பெயர். மலையில் முளைக்கும் ஒரு செடிக்காக மூளை ஏற்பியைச் செய்து வைத்திருக்க முடியாது. ஆகவே உடம்புக்குள்ளேயே அதற்குரிய பொருள் ஒன்று இருந்தாக வேண்டும் என்று தேடினார்கள். 1992இல் பன்றியின் மூளையிலிருந்து டிவேன், லூமிர் ஹனூஷ், மெக்கூலம் ஆகியோர் அதைப் பிரித்தெடுத்து, ஆனந்தம் என்ற வடமொழிச் சொல்லைக் கொண்டு ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். ஜெருசலேமில் ஓர் ஆய்வகத்தின் கண்டுபிடிப்புக்கு நம் வீடுகளில் பிள்ளைக்கு வைக்கும் பெயர் அமைந்ததை வகுப்பில் சொல்லும்போது, கடைசி வரிசையில் ஆனந்தன் என்று ஒருவன் எப்போதும் இருப்பான். 1995இல் 2-ஏஜி என்ற இரண்டாவது பொருளும் தெரிய வந்தது. மூளையில் அதன் அளவு ஆனந்தமைடைவிட மிகவும் அதிகம்.

அது மூளையில் என்னதான் செய்கிறது?

கம்பம் பள்ளத்தாக்கில் வயல் வைத்திருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வருகிறது. மேல்மடையில் நிற்பவர் திறந்துவிடுகிறார், கீழேயுள்ள வயல் வாங்கிக்கொள்கிறது. வயல் நிரம்பி வரப்பு உடையும் நிலை வந்தால், வயலில் நிற்பவர்தான் மேலே பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும்: போதும், மடையை அடை.

நரம்பணுக்களுக்கு இடையே செய்தி பொதுவாக ஒரே திசையில்தான் போகிறது. ஓர் அணு வேதிப்பொருளை விடுகிறது, அடுத்தது வாங்கிக்கொள்கிறது. வாங்குகிற அணு அளவுக்கு மீறித் தூண்டப்பட்டால், அது தன் சவ்விலுள்ள கொழுப்பிலிருந்தே ஆனந்தமைடையோ 2-ஏஜியையோ அந்த நேரத்தில் செய்து, எதிர்த்திசையில் அனுப்புகிறது. அனுப்பிய அணுவின் முனையில் இருக்கும் சிபி-1 ஏற்பி அதைப் பெற்றுக்கொண்டு மடையைக் குறைக்கிறது. இப்படிப் பின்னோக்கிச் செல்லும் செய்தியை 2001இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாகக் காட்டின.

இதில் இரண்டு செய்திகளை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பதில்கள் எல்லாம் விளங்கும். இந்தப் பொருள்கள் முன்கூட்டியே செய்து சேர்த்து வைக்கப்படுவதில்லை; தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் நொடியில் உண்டாகின்றன. வேலை முடிந்ததும் உடனே சிதைக்கவும் படுகின்றன: ஆனந்தமைடைச் சிதைக்கும் நொதிக்கு ஃபா என்று பெயர். குரல் கொடுப்பதும் ஓய்வதும் சில நொடிகளுக்குள், ஒரு வரப்புக்குள் நடந்து முடிகிற காரியம்.

மழைச் சத்தம் என்னை ஏன் பயமுறுத்த வேண்டும்? மழையா என் வீட்டை மூடியது?

மூளையின் இருபுறமும் உள்ளே வாதுமைப் பருப்பின் வடிவில் அமிக்டலா என்று ஒரு பகுதி இருக்கிறது. ஆபத்து நேரும்போது, அந்த ஆபத்தோடு சேர்ந்து வந்த சத்தம், வாசனை, வெளிச்சம் ஆகியவற்றை ஆபத்தோடு முடிச்சுப் போட்டு வைப்பது அதன் வேலை. அது காரணத்தை ஆராய்வதில்லை. எது எதோடு சேர்ந்து வந்தது என்பதை மட்டுமே பார்க்கிறது. சரிந்தது மண்தான், ஆனால் அதற்கு முன் பல மணி நேரம் காதில் விழுந்தது மழை. அடுத்த முறை மழை பெய்யும்போது, நீங்கள் யோசித்து முடிப்பதற்குள் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது.

முடிச்சு ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. மழையில் தொடங்கியது, லாரி இரைச்சலுக்கும் மேல்தளத்தில் நாற்காலி இழுக்கும் ஓசைக்கும் பரவுகிறது. ‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்று நம்மவர்கள் சொல்லி வைத்ததைத்தான் ஆய்வாளர்கள் பயம் பொதுமைப்படுதல் என்கிறார்கள். இது கோழைத்தனமும் அல்ல, புத்திக் குறைவும் அல்ல. உயிரைக் காப்பதற்காக அமைந்த ஓர் உறுப்பு தன் வேலையை மிகையாகச் செய்கிறது.

ஆண்டுகள் போனால் அந்த நினைவு தானாக அழிந்துவிடாதா?

பெரும்பாலோருக்குப் பயம் தணிகிறது. ஆனால் தணிவது வேறு, அழிவது வேறு. மணியோசைக்கு எச்சில் ஊறப் பழகிய நாய்க்கு, மணியை மட்டும் அடித்து உணவு கொடுக்காமலே இருந்தால் எச்சில் ஊறுவது நின்றுவிடும் என்று ரஷ்யாவின் பாவ்லோவ் கண்டார். அதே நாயைச் சிறிது காலம் சும்மா விட்டுவிட்டு மறுபடி மணியடித்தால், எச்சில் மறுபடி ஊறியது. பழைய நினைவு உள்ளே அப்படியே கிடந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

பயம் தணிவது, பழைய நினைவின்மேல் புதிதாக ஒரு நினைவு பதிவதால்தான்: ‘மழை பெய்தது, ஒன்றும் நேரவில்லை.’ இது மறதியல்ல, படிப்பு. மழை வரும்போதெல்லாம் இரண்டு நினைவுகளும் போட்டியிடுகின்றன. நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளைப் பகுதி புதிய நினைவின் பக்கம் நின்று அமிக்டலாவை அடக்குகிறது. இந்தப் புதிய படிப்பைப் பயத் தணிப்பு என்று இங்கே அழைக்கிறேன். அகக்கன்னபினாய்டுகள் முக்கியமாக நுழையும் இடம் இதுதான்.

அவை நுழைகின்றன என்பதற்கு என்ன ஆதாரம்?

2002இல் ஜெர்மனியின் மியூனிக் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் உளமருத்துவ நிறுவனத்தில் ஜொவான்னி மார்சிகானோ, பீட் லூட்ஸ் ஆகியோரின் குழு செய்த சோதனையை நான் பலமுறை கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். சிபி-1 ஏற்பியே இல்லாமல் பிறக்கும்படி மரபணு மாற்றப்பட்ட சுண்டெலிகளையும், சாதாரணச் சுண்டெலிகளையும் எடுத்துக்கொண்டார்கள். ஓர் ஒலியை எழுப்பி, அதன் முடிவில் காலடியில் சிறு மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். அதன்பிறகு ஒலி கேட்டாலே இரண்டு வகை எலிகளும் அசையாமல் உறைந்து நின்றன. பயத்தைக் கற்றுக்கொள்வதில் அவற்றிடையே வேறுபாடு இல்லை.

அடுத்து, அதிர்ச்சி கொடுக்காமல் ஒலியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்தார்கள். சாதாரண எலிகள் சிறிது சிறிதாக உறைவதை விட்டுவிட்டன. ஏற்பி இல்லாத எலிகளோ தொடர்ந்து உறைந்து நின்றன. சாதாரண எலிகளுக்கே அந்த ஏற்பியை அடைக்கும் மருந்தைக் கொடுத்தபோதும் பயம் தணிவது தடைப்பட்டது. இவற்றோடு மூன்றாவது ஒரு சான்றும் கிடைத்தது: பயமூட்டும் அந்த ஒலியைக் கேட்கும் நேரத்தில் அமிக்டலாவின் அடிப்பகுதியில் ஆனந்தமைடின் அளவும் 2-ஏஜியின் அளவும் உயர்ந்தன. அதாவது, பயந்த பொருளை மறுபடி சந்திக்கும் அந்த நேரத்திலேயே, பயத்தைத் தணிக்க உதவும் பொருளை மூளை தானே செய்கிறது. சந்திக்காமல் விலகியே இருந்தால் அது நடக்க வாய்ப்பில்லை. இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வந்தது முழுவதும் இந்த ஒரு செய்தியைச் சுற்றியே இருக்கிறது.

பின்னால் வந்த சோதனைகள் இதற்கு ஓர் எல்லையும் வகுத்தன. உணவு கிடைக்கும் என்று கற்றுக்கொண்ட ஒரு பழக்கத்தை, உணவு நின்றபிறகு கைவிடுவதற்கு இந்த ஏற்பி தேவைப்படவில்லை. ஏற்பி இல்லாத எலிகளும் அதை வழக்கம்போலவே கைவிட்டன. எல்லா மறதிக்கும் பொதுவான பொருளாக இதைக் கருத முடியாது. அச்சமும் வேதனையும் கலந்த நினைவுகளில்தான் இதன் பங்கு தெளிவாகத் தெரிகிறது.

அப்படியானால் அது எவ்வளவு அதிகம் சுரக்கிறதோ அவ்வளவு நல்லதுதானே?

இந்த இடத்தில்தான் நாளிதழ்க் கட்டுரைகள் தவறிவிடுகின்றன. அதிகமாவது எந்தப் பொருள், எந்த அணுவின் முனையில், எந்த நேரத்தில் என்பதைப் பொறுத்து விளைவு மாறுகிறது.

சிபி-1 ஏற்பி, தூண்டுகிற நரம்பு முனைகளிலும் இருக்கிறது, அடக்குகிற நரம்பு முனைகளிலும் இருக்கிறது. தூண்டுகிறவற்றின் மடையைக் குறைத்தால் கொந்தளிப்பு அடங்கும். அடக்குகிறவற்றின் மடையைக் குறைத்தாலோ, காவலரை வீட்டுக்கு அனுப்பியதுபோல், கொந்தளிப்பு கூடும். சுண்டெலிகளில் 2-ஏஜியைச் சிதைக்கும் நொதியைத் தடுத்து அதன் அளவைப் பெருக்கியபோது, பயம் தணிவதற்குப் பதிலாக நீடித்தது. அடக்குகிற அணுக்களிலுள்ள ஏற்பியின் வழியாகவே அது நிகழ்ந்தது என்று 2015இல் காட்டினார்கள். ஒரே குடும்பத்து இரு பொருள்கள் எதிரெதிராக நடந்துகொள்கின்றன.

நேரமும் முக்கியம். கடும் அதிர்ச்சியின்போது சுரக்கும் அழுத்த ஹார்மோன், அந்த நிகழ்ச்சியை ஆழமாகப் பதிய வைக்கிறது. அப்படிப் பதிய வைப்பதற்கு அமிக்டலாவில் இதே அகக்கன்னபினாய்டுகள் இடைநின்று உதவுகின்றன என்று எலிகளில் செய்த ஆய்வொன்று 2009இல் கண்டது. பயத்தை ஆணியடித்து வைப்பதிலும் இவற்றுக்குப் பங்கு இருக்கிறது, பிறகு ஆணியைத் தளர்த்துவதிலும் பங்கு இருக்கிறது. ஆனந்தம் என்ற பெயரைப் பார்த்து இதை அமுதம் என்று எண்ணிவிட வேண்டாம்.

கயத்தாறில் அண்ணன் வீட்டில் இருந்தபோது மழைக்குப் பயமே வரவில்லை. மூணாறு திரும்பிய முதல் இரவே பழையபடி ஆகிவிட்டது. தேறியது பொய்யா?

பொய்யில்லை. பயத்தின் நினைவு எங்கும் செல்லுபடியாகும். பயத் தணிப்பின் நினைவோ, அது கற்கப்பட்ட இடத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சூழலைப் பதிந்து வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி, ‘கயத்தாறில் மழை ஆபத்தில்லை’ என்றே எழுதி வைத்திருக்கிறது. மூணாறைப் பற்றி அது ஒன்றும் எழுதவில்லை. பச்சை அறையில் பயம் தணிந்த எலியை, பயம் பிடித்த பழைய அறைக்குக் கொண்டுபோனால் மீண்டும் உறைந்து நிற்பது ஆய்வகங்களில் வழக்கமாகக் காணும் காட்சி.

ஆகவே அந்தப் படிப்பை இங்கேயும் ஒரு முறை படிக்க வேண்டும், கோடை மழையில் ஒரு முறை, இடவப்பாதி என்று இங்கே சொல்லும் தென்மேற்குப் பருவமழையில் ஒரு முறை. அதற்காக முதல் நாளே ஆடி மழையின் நள்ளிரவில் தனியாக உட்கார்ந்து பழக வேண்டும் என்று பொருளில்லை.

ஒரே லயத்தில் தப்பிய இருவரில் ஒருவர் தேறிவிட்டார், ஒருவர் தேறவில்லை. ஏன்?

காரணங்கள் பல: யார் யாரை இழந்தார்கள், எவ்வளவு நேரம் சிக்கிக் கிடந்தார்கள், முன்பு பட்ட துன்பம் என்ன, பிறகு துணைக்கு யார் இருந்தார்கள். இவற்றோடு பிறப்பிலேயே வரும் ஒரு சிறு வேறுபாடும் சேர்கிறது. ஆனந்தமைடைச் சிதைக்கும் ஃபா நொதியின் மரபணுவில், சிலருக்கு ஓரெழுத்து மாறியிருக்கிறது. அப்படி மாறியவர்களிடம் நொதியின் அளவு குறைவு. ஆகவே ஆனந்தமைடு சற்று அதிகமாகத் தங்குகிறது. அதே மாற்றத்தைச் சுண்டெலிகளில் புகுத்தி, மனிதர்களோடு ஒப்பிட்டு 2015இல் வெளியிட்ட ஆய்வில், இரு இனத்திலும் அந்த மாற்றம் உள்ளவர்களுக்குப் பயம் விரைவாகத் தணிந்தது.

2001 செப்டம்பர் 11 தாக்குதலின்போது நியூயார்க்கில் இரட்டைக் கோபுரத்தின் அருகில் இருந்தவர்களைப் பின்னர் ஆராய்ந்தபோது, அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் வந்தவர்களின் இரத்தத்தில் 2-ஏஜி குறைவாக இருந்தது. நோய் வந்ததால் குறைந்ததா, குறைவாக இருந்ததால் நோய் வந்ததா என்பதை இந்த வகை ஆய்வு சொல்லாது. வேறு சில ஆய்வுகளில் இரத்த அளவுகள் வேறு விதமாகவும் வந்திருக்கின்றன. அதனால், இரத்தம் எடுத்துப் பார்த்து உங்களுக்குப் பயம் தணியுமா என்று சொல்கிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அப்படியென்றால் கஞ்சா புகைத்தால் பயம் போய்விடும், இல்லையா? நம் மலையில் அதற்கா பஞ்சம்?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்பட்டதும், கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே கேட்டதும் இதுதான். பதிலைச் சிரிக்காமல் சொல்கிறேன்.

மடை உவமைக்கே திரும்புவோம். உங்கள் வயல் நிரம்பியபோது நீங்கள் குரல் கொடுத்தால் உங்கள் மடை மட்டும் மூடும். டிஎச்சி என்பது, பள்ளத்தாக்கிலுள்ள எல்லா மடைகளையும் ஒரே நேரத்தில், யாருடைய வயல் நிரம்பியது என்று பார்க்காமல், பல மணி நேரம் பாதியளவில் அடைத்து வைப்பதற்குச் சமம். நிரம்பிய வயலும் காய்ந்த வயலும் அதற்கு ஒன்றுதான். புதியதைக் கற்பதற்கு வேண்டிய ஹிப்போகாம்பஸிலும் சிபி-1 ஏற்பி செறிந்திருக்கிறது. ‘மழை பெய்தது, ஒன்றும் நேரவில்லை’ என்ற பாடம் பதிய வேண்டிய நேரத்தில் பதிவேட்டையே மங்கச் செய்தால் பாடம் எப்படி நிற்கும்?

அளவும் ஒரு சிக்கல். குறைந்த அளவில் பதற்றத்தைத் தணிக்கும் டிஎச்சி, கூடிய அளவில் பதற்றத்தையும் சந்தேகத்தையும் கிளப்புகிறது. ஒரு பொட்டலத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதை விற்பவரும் அறியமாட்டார். நாள்தோறும் புகைப்பவர்களின் மூளையில் சிபி-1 ஏற்பிகள் குறைந்துபோவதையும், சுமார் நான்கு வாரம் நிறுத்தியபின் அவை மீள்வதையும் 2012இல் படமெடுத்துக் காட்டினார்கள். ஏற்பி குறைந்த மூளையில், உடம்பே செய்யும் ஆனந்தமைடு குரல் கொடுத்தாலும் கேட்க ஆள் இல்லை. புகைத்த இரவில் தூங்கிவிட்டு, புகைக்காத இரவில் முன்னிலும் மோசமாக விழித்திருப்பதை என்னிடம் விவரித்த இளைஞர்கள் ஒருவர் இருவர் அல்லர்.

டிஎச்சி எந்த வகையிலும் உதவாது என்று சொன்னால் நான் நேர்மையற்றவன் ஆவேன். நலமாயிருக்கும் மனிதர்களுக்குப் பயத் தணிப்புப் பயிற்சிக்கு முன் அளந்து ஒரே ஒரு முறை மாத்திரையாகக் கொடுத்தபோது, மறுநாள் அந்தப் பாடம் நன்றாக நினைவில் நின்றது என்று 2013இல் ஓர் ஆய்வு கண்டது. அளந்த ஒரு மாத்திரையும், பயிற்சியும், மருத்துவர் மேற்பார்வையும் சேர்ந்த ஒன்றை, லயத்துக்குப் பின்னால் உட்கார்ந்து பயிற்சி ஏதுமின்றி நாள்தோறும் இழுப்பதோடு சமப்படுத்த முடியாது. கஞ்சாவை வைத்திருப்பது 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி குற்றம் என்பதும், எல்லைச் சோதனைச் சாவடியில் நாய்க்கு உங்கள் பயத்தின் கதை தெரியாது என்பதும் தனிச் செய்திகள்.

அந்த ஆனந்தமைடைச் சிதையாமல் காக்கும் மாத்திரை ஏதும் வரவில்லையா?

முயன்றார்கள், முயல்கிறார்கள். கருத்து அழகானது: குரலை நாம் கொடுக்க வேண்டாம், மூளை கொடுக்கும் குரலைச் சற்று நேரம் நீடிக்கச் செய்தால் போதும். ஃபா நொதியைத் தடுக்கும் மருந்தை ஸ்வீடனில் நலமாயிருந்த 45 பேரிடம் பத்து நாள் சோதித்து 2020இல் வெளியிட்டார்கள். மருந்து எடுத்தவர்களுக்குப் பயத் தணிப்பின் நினைவு கூடுதலாக நின்றது, மன அழுத்தச் சோதனையிலும் பாதிப்பு குறைந்தது. இது நலமானவர்களிடம் கண்டது; நோயாளிகளுக்கான மருந்தாக மருந்துக்கடைக்கு வந்துவிடவில்லை.

இதே வழியில் ஒரு பெரும் துயரமும் நடந்தது. 2016 ஜனவரியில் பிரான்சின் ரென் நகரில் இவ்வகை மருந்து ஒன்றை முதன்முறை மனிதர்களிடம் சோதித்தபோது ஆறு பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, அவர்களில் ஒருவர் இறந்தார். அந்த மருந்து ஃபாவோடு நில்லாமல் வேறு பல நொதிகளையும் தாக்கியது என்று பின்னர் தெரிந்தது. ஸ்வீடனில் சோதித்தது வேறு மருந்து.

எதிர்த்திசையில் நடந்ததும் பாடமே. சிபி-1 ஏற்பியை அடைக்கும் ரிமோனபான்ட் என்ற மருந்து, பசியைக் குறைக்கிறது என்பதால் உடற்பருமனுக்காக ஐரோப்பாவில் 2006இல் விற்பனைக்கு வந்தது. எடை குறைந்தது, கூடவே சிலருக்கு மனச்சோர்வும் பதற்றமும் தற்கொலை எண்ணமும் வந்தன. 2008இல் விலக்கிக்கொண்டார்கள். மியூனிக் குழு எலிகளுக்குக் கொடுத்து ஏற்பியை அடைத்ததும் இதே மருந்தைத்தான். மேல்மடைக்குக் குரல் எட்டாத நிலையில் மனிதர் எப்படி வாழ்வார் என்பதை அந்த இரண்டு ஆண்டுகள் காட்டிவிட்டன.

சாக்லேட்டில் ஆனந்தமைடு இருக்கிறதாமே? இடுக்கி முழுக்க கொக்கோதானே?

1996இல் கண்டார்கள், மிக மிகச் சிறிய அளவில். வாய்வழியாகப் போனால் குடலிலேயே சிதைந்துவிடும். கொக்கோவை விற்றுப் பணமாக்குங்கள்.

பாராசிட்டமால் மாத்திரைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று மகன் படித்துச் சொன்னான்.

மகன் சரியாகத்தான் படித்திருக்கிறான். பாராசிட்டமாலின் ஒரு பகுதி மூளையில் ஏஎம்-404 என்ற பொருளாக மாறுகிறது. அப்படி மாற்றுவது அந்த ஃபா நொதிதான். எலிகளுக்கு இதே ஏஎம்-404ஐ நேரடியாகக் கொடுத்தபோது பயத் தணிப்பு வலுப்பட்டது என்று 2005இல் ஓர் ஆய்வும் உண்டு. இரண்டையும் கூட்டிப் பயத்துக்குப் பாராசிட்டமால் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள்; மனிதரிடம் அதற்குச் சான்று இல்லை, அளவு மீறினால் கல்லீரல் போய்விடும்.

மழை இரவில் மட்டும் கொஞ்சம் குடித்துவிட்டுப் படுக்கிறேன். அதில் என்ன தவறு?

அந்த இரவு கழியும். ஆனால் மூளை ‘மழை பெய்தது, ஒன்றும் நேரவில்லை’ என்று கற்க வேண்டிய இரவில், ‘மழை பெய்தது, குடித்ததால் பிழைத்தேன்’ என்று கற்கிறது. தூக்க மாத்திரையை மருத்துவர் எழுதித் தந்திருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். அவரிடமே இதைக் கேளுங்கள்.

மருந்தில்லாமல் இந்த ஆனந்தமைடுக்கு நாமே ஏதாவது உதவ முடியுமா?

முடியும், அதற்குச் சான்றும் உண்டு. நடுத்தர வேகத்தில் ஓடியவர்களுக்கும் மிதிவண்டி மிதித்தவர்களுக்கும் இரத்தத்தில் ஆனந்தமைடு உயர்வதை 2003இலேயே அளந்தார்கள். பின்னர், அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயுள்ள பெண்களைப் பயத் தணிப்புப் பயிற்சி முடிந்தவுடன் சிறிது நேரம் உடற்பயிற்சி செய்யவைத்த ஒரு சிறிய ஆய்வில், பாடம் நன்றாக நின்றதும் அது ஆனந்தமைடின் உயர்வோடு தொடர்புற்றிருந்ததும் தெரிந்தது. நாளெல்லாம் சரிவில் கொழுந்து எடுக்கும் பெண்ணிடம் போய் உடற்பயிற்சி செய்யம்மா என்று சொல்ல எனக்கு வாய் வராது. என்றாலும், வேலையின் அலுப்பும், பயத்தைச் சந்தித்த உடனே மனமறிந்து நடக்கும் ஒரு நடையும் ஒன்றல்ல. அந்த ஆய்வில் பயன் தந்தது பயிற்சியை அடுத்து உடனே செய்ததுதான்.

அடிப்படை வேலை, பயந்ததைச் சிறு சிறு படிகளில் சந்திப்பது. ஒரு குடும்பம் செய்ததைச் சொல்கிறேன். வெயில் நேரத்தில், எல்லோரும் கூடியிருக்கும்போது, கைபேசியில் மழைச் சத்தத்தை மெதுவாக வைத்துக் கேட்டார்கள். நெஞ்சுப் படபடப்பு ஏறி, தானாக இறங்கும்வரை நிறுத்தவில்லை. அடுத்த வாரம் சத்தத்தைக் கூட்டினார்கள். பிறகு சாரலில் வாசலில் உட்கார்ந்தார்கள். இறங்குவதற்கு முன் எழுந்து ஓடினால், ஓடியதால்தான் தப்பித்தோம் என்றே மூளை எழுதிக்கொள்ளும். இதைத்தான் அவர்களுக்கு மனநல ஆலோசகர் திரும்பத் திரும்பச் சொன்னாராம். ஆளையே புரட்டிப்போடும் கனவுகள், சாக வேண்டும் என்ற எண்ணம், மாதக்கணக்கில் வேலைக்குப் போக முடியாத நிலை ஆகியவை இருந்தால் வீட்டில் பழகிப் பார்க்க வேண்டாம். 14416 என்ற அரசின் கட்டணமில்லா டெலி மானஸ் எண்ணில் தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

பிள்ளைக்குப் பயந்த கோளாறு என்று மந்திரித்துத் திருநீறு போட்டோம். அதுவும் இதே வேலைதான் செய்கிறதா?

ஆனந்தமைடை வைத்து அதற்கு விளக்கம் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, சொல்லவும் மாட்டேன். தாயின் மடியில், தெரிந்த முகங்களுக்கு நடுவில் பிள்ளை அமைதியாகிறது என்பது மட்டும் கண்ணால் காண்பது. திருநீறு போட்டதோடு நிறுத்தாமல், மழையில் அதன் கூட உட்கார்ந்திருங்கள்.

யானைப் பயத்தையும் இப்படித் தணித்துக்கொள்ளலாமா?

2023 மே 27ஆம் நாள் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை கம்பம் நகருக்குள் நடந்து வந்ததைக் கண்டவர்கள் இதைக் கேட்கிறார்கள். ஒரு மாதத்துக்கு முன்புதான் அதைச் சின்னக்கானலில் மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டிருந்தார்கள். ஜூன் 5ஆம் நாள் தமிழ்நாடு வனத்துறை மறுபடி பிடித்துத் தெற்கே களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோனது. யானை போய்விட்டது. அதன்பிறகும் இரவில் ஆட்டோ இரைந்தால் கதவைத் தாழிடுகிறவர் தணித்துக்கொள்ளலாம், தணித்துக்கொள்ள வேண்டும். கம்பத்துத் தெருவில் ஆட்டோ ஆபத்தின் அறிகுறி அல்ல.

சின்னக்கானலிலும் ஆனையிறங்கலிலும் இருப்பவர்களுடைய நிலை வேறு. அங்கே மூங்கில் முறிகிற ஓசை கேட்டு உறைந்து நிற்பது நோயில்லை, பிழைப்பு. ஏலக்காட்டு வளைவில் அந்தி நேரத்தில் எங்கள் ஜீப்புக்கு முன்னால் ஒற்றை யானை ஒன்று நின்றதும், ஓட்டுநர் விளக்கை அணைத்துவிட்டு அரை மணி நேரம் மூச்சுவிடாமல் காத்திருந்ததும் நடந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அந்த வளைவில் இன்றும் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது. ஜீப் மெதுவாகத் திரும்பட்டும் என்று ஓட்டுநரின் தோளைத் தொடுகிறேன். அவரும் அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்திருப்பார்.